சாய்ந்த வாழையின் வேரில் யார்? கத்தி, நுண்ணோக்கி, டி.என்.ஏ.: எதை எப்போது நம்புவது

தொட்டியம் பக்கத்தில் ஒரு நேந்திரன் தோட்டம். குலை தள்ளி ஒன்றரை மாதமான மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன. “காற்றே அடிக்கவில்லை தம்பி. மூங்கில் முட்டும் கொடுத்திருக்கிறேன். அப்படியும் வேரோடு பெயர்ந்து விழுகிறது” என்றார் பெரியவர். உரக்கடைக்காரர் கூன்வண்டு என்று சொல்லி மருந்து கொடுத்திருந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாடல் நோய் என்று உறுதியாக இருந்தார். சென்னையில் வேலை பார்க்கும் மகன், மண்ணை எடுத்து டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பிவிடலாம், பணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூவரில் மகன் சொன்னதுதான் கேட்பதற்கு நவீனமாக இருந்தது. அன்றைக்குத் தேவைப்படாததும் அதுதான். நான் முதலில் ஒரு மண்வெட்டியும் கத்தியும் கேட்டேன்.

இந்தக் கட்டுரை அந்தத் தேர்வைப் பற்றியது. பயிரின் வேருக்குள் புகுந்து திரியும் நூற்புழுவைக் கண்டுபிடிக்க இன்று பல வழிகள் இருக்கின்றன. எந்த வழிக்குப் பணம் கொடுப்பது, எதைச் சும்மாவே செய்துகொள்வது, எதை இப்போதைக்கு விட்டுவிடுவது? வாழையை வைத்தே பேசுகிறேன், எனக்குக் கைவந்தது அதுதான். தேவைப்படும் இடங்களில் காப்பிக்கும் தேயிலைக்கும் போய் வருவேன்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம்

வேரில் இப்படிப் புண் போடும் ஒரு நூற்புழுப் பேரினத்தின் (நெருங்கிய பல இனங்கள் அடங்கிய குழுவின்) பெயர் பிராட்டிலென்கஸ். தமிழில் வேர் அழுகல் நூற்புழு என்றும் வேர்ப்புண் நூற்புழு என்றும் எழுதுகிறார்கள். நான் இரண்டாவது பெயரையே சொல்வேன். புழு போடுவது புண். அழுகல், அந்தப் புண் வழியாகப் பின்னால் நுழையும் பூஞ்சையின் வேலை. பெயரில் அழுகலை வைத்துவிட்டதால் பூஞ்சைக்கொல்லியை ஊற்றிவிட்டுக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

உடல் நீளம் ஒரு மில்லிமீட்டரை எட்டாது. வேர்முடிச்சு நூற்புழுவைப் போல ஓரிடத்தில் உட்கார்ந்து வேரைப் புடைக்கச் செய்வதில்லை. வேரின் தோலுக்கும் நடு நரம்புக்கும் இடையிலுள்ள புறணித் திசுவுக்குள் நுழைந்து, ஒரு செல்லைக் குத்திக் காலி செய்துவிட்டு அடுத்த செல்லுக்குப் போகும். போகிற வழியிலேயே ஒவ்வொன்றாக முட்டையிடும். அந்த இடம் செத்துப் பழுத்ததும் வெளியேறி வேறு நல்ல வேரைத் தேடும். இந்தக் கடைசிப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனை பொய்த்துப்போவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. நம் வாழையில் பெரிதும் காணப்படுவது பிராட்டிலென்கஸ் காஃபியே. 1898இல் ஜாவாவின் காப்பி வேரிலிருந்து சிம்மர்மன் விவரித்த இனம் இது. பெயரில் காப்பி ஒட்டிக்கொண்டது அப்படித்தான். கனகாம்பரத்தைத் தாக்குவது டெலாட்ரி என்ற வேறு இனம். கரும்பிலும் மக்காச்சோளத்திலும் சியே. ஆக, பூந்தோட்டமாக இருந்த நிலத்தின் மண்ணில் ‘பிராட்டிலென்கஸ் உண்டு’ என்று சீட்டு வந்தால், வாழைக்கு ஆபத்து என்று அதன் பொருள் உடனே ஆகிவிடாது. இதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

கத்தி சொல்வது

செலவில்லாத வழி. வியப்பாக, பலரும் செய்யாத வழியும்கூட. மரத்தடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, நீளம், அகலம், ஆழம் மூன்றும் 20 சென்டிமீட்டர் வருமாறு ஒரு குழி எடுக்க வேண்டும். அதில் கிடைக்கும் வேர்களில் உயிருள்ளவை எத்தனை, செத்தவை எத்தனை என்று முதலில் பிரித்து எண்ண வேண்டும். பிறகு உயிருள்ளவற்றில் 10 சென்டிமீட்டருக்குக் குறையாத ஐந்து தடித்த வேர்களை எடுத்து, கழுவி, நீளவாக்கில் பிளக்க வேண்டும். ஒவ்வொரு வேரிலும் ஒரு பாதியைப் பார்த்துப் புறணி எவ்வளவு நிறம் மாறியிருக்கிறது என்று மதிப்பெண் போட வேண்டும். ஒரு வேருக்கு அதிகபட்சம் 20, ஐந்துக்கும் சேர்த்து 100. வாழை ஆராய்ச்சியாளர்கள் பல நாடுகளில் கையாளும் முறை இது. இரண்டு மரம் பார்த்தால் மூன்றாவது மரத்துக்குக் கை தானாகப் பழகிவிடும்.

தொட்டியத்தில் பிளந்த முதல் வேரிலேயே உரக்கடைக்காரரும் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் சேர்ந்து தோற்றார்கள். கூன்வண்டாக இருந்தால் கிழங்கில் சுரங்கம் போல் துளைகள் ஓடியிருக்கும். மரமும் பெரும்பாலும் கிழங்கில் முறிந்து விழும். வாடல் நோயாக இருந்தால் கிழங்கையும் தண்டையும் வெட்டும்போது உள்நாளங்கள் செம்பழுப்புக் கோடுகளாகத் தெரியும். இங்கே கிழங்கு சுத்தம், தண்டு சுத்தம். வேரின் புறணியில் மட்டும் செம்பழுப்பிலிருந்து கருஞ்சிவப்பு வரை திட்டுத் திட்டாகப் புண்கள். நடுவில் ஓடும் நரம்பு வெள்ளையாகவே இருந்தது. மரம் வேரோடு பெயர்ந்து விழுந்ததற்குக் காரணம், பிடித்து நிற்க வேர் இல்லாததுதான்.

தண்ணீர் தேங்கிய வயலின் வேர் இதிலிருந்து வேறுபடும். அது முழுக்கக் கறுத்து, விரலால் இழுத்தால் புறணி உறை போலக் கழன்று வரும். நாற்றமும் அடிக்கும். புழுவின் புண் தனித்தனித் திட்டுகளாக, நல்ல திசுவுக்கு நடுவே, ஓரம் தெளிவாக இருக்கும். இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்க எந்தப் படமும் போதாது. வாட்ஸ்ஆப்பில் வேரின் படத்தை அனுப்பி ‘இது என்ன’ என்று கேட்பவர்களுக்கு நான் பதில் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். மண் ஒட்டிய ஈர வேர் எல்லாப் படத்திலும் பழுப்புதான்.

கத்தியால் முடியாதது ஒன்று உண்டு. வாழை வேரைத் துளைக்கும் ராடோஃபோலஸ் சிமிலிஸ் என்ற இன்னொரு நூற்புழுவும் கிட்டத்தட்ட இதே புண்ணைத்தான் போடும். சிவப்பு கூடினால் அது, கறுப்பு கூடினால் இது என்று சிலர் சொல்வார்கள், நான் நம்புவதில்லை. வேரின் வயது, மண், கூடவே நுழைந்த பூஞ்சை என எல்லாமும் சேர்ந்துதான் அந்த நிறம். சுருள் நூற்புழு என்ற மூன்றாவது வகையின் புண்கள் மேலோட்டமாகவும் சிறிதாகவும் இருக்கும் என்பது ஓரளவு சரி. ஆனால் ஒரே வேரில் மூன்றும் இருக்கும்போது அந்த அடையாளமும் கரைந்துவிடும். கத்தி ‘நூற்புழு’ என்று சொல்லும், எவ்வளவு சேதம் என்றும் சொல்லும். யார் என்று சொல்லாது.

நுண்ணோக்கிக்கு எதை அனுப்புவது

பெயர் தெரிய வேண்டுமானால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவியலுக்கென்றே துறை இருக்கிறது. வாழைக்குத் திருச்சியிலேயே தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆனால் நுண்ணோக்கியின் அருமை பெருமைகளைப் பேசுவதற்கு முன், என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு தோட்டத்தில் விழுந்து கிடந்த மரத்தடியிலிருந்து ஒரு கிலோ மண் அள்ளி ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ‘தாவர ஒட்டுண்ணி நூற்புழுக்கள் மிகக் குறைவு’ என்று முடிவு வந்தது. தோட்டக்காரரிடம் புழு இல்லை என்று சொன்னேன். அவர் அதே கட்டையிலிருந்து மறுதாம்பு விட்டார், அதாவது அதன் கன்றையே அடுத்த பயிராக வளர்த்தார். அடுத்த ஆண்டு பாதித் தோட்டம் சாய்ந்தது. ஆய்வகத்தின் மேல் குறையே இல்லை. நான் கொடுத்த மண்ணில் புழு இல்லைதான். செத்த வேரை விட்டு அவை எப்போதோ பக்கத்து மரத்துக்குக் குடிபோயிருந்தன. திருட்டு நடந்த வீட்டில் திருடனைத் தேடியிருக்கிறேன்.

எனவே என் கருத்தில் முதல் தேர்வு நுண்ணோக்கியா டி.என்.ஏ.வா என்பதல்ல, மண்ணா வேரா என்பதுதான். நிற்கும் பயிரில் வேர்தான் மாதிரி, மண் துணைக்கு. விழுந்த மரத்தை விட்டு, அதன் பக்கத்தில் இலை வெளிறத் தொடங்கி இன்னும் நின்றுகொண்டிருக்கும் மரத்திடம் போக வேண்டும். பாதித்த திட்டின் விளிம்பில்தான் புழு செழித்திருக்கும். அங்கே ஐந்தாறு மரங்களின் வேர்களைக் கலந்து ஒரு மாதிரி. நன்றாக இருக்கும் பகுதியிலிருந்து அதே போல இன்னொன்று. ஒப்பிட ஏதாவது வேண்டுமல்லவா? பாலித்தீன் பையில் சிறிது ஈர மண்ணோடு கட்டி, நிழலில் வைத்து, இரண்டொரு நாளில் சேர்க்க வேண்டும். மோட்டார் சைக்கிள் பெட்டியில் வெயிலில் மதியம் முழுக்கக் கிடந்த மாதிரியை அனுப்புவதும் அனுப்பாமல் இருப்பதும் ஒன்றுதான்.

ஆய்வகத்தில் வேரிலிருந்து புழுவை வெளியேற்றுவதிலும் தேர்வுகள் இருக்கின்றன. இதை விவசாயி கேட்க மாட்டார், ஆனால் கேட்க வேண்டும். பேயர்மன் புனல் முறை மிகப் பழையது, 1917லிருந்து இருக்கிறது. மெல்லிய தாளின் மேல் மாதிரியை வைத்து, அடியில் நீர் தொடும்படி விட்டால், உயிருள்ள புழுக்கள் தாமாக நெளிந்து நீருக்குள் இறங்கும். செலவு கிடையாது, நீரும் தெளிவாக இருக்கும். ஆனால் நெளிகிறவை மட்டுமே வரும். முட்டை வராது, மந்தமாக இருப்பவை வராது. தடித்த வாழை வேருக்குள் ஆழமாகக் கிடப்பவை வெளிவர நாள் கணக்கில் ஆகும். கோடையில் காய்ந்த மண்ணில் உடலைச் சுருக்கி உறங்கும் புழுக்களையும் ஒரு நாள் புனலில் வைத்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதிவிடக்கூடும்.

வாழை வேருக்கு நான் விரும்புவது மிக்ஸி முறை. வேரைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நீர் விட்டு, பத்து வினாடி ஓட்டி, ஐந்து வினாடி நிறுத்தி, மும்முறை அரைப்பார்கள். அதற்கு மேல் அரைத்தால் புழுவும் சட்னியாகிவிடும். பிறகு சல்லடை வரிசை: மேலே பெரிய கண் சல்லடை நாரைப் பிடிக்கும், அடியில் 40 மைக்ரான் அளவிலான சல்லடை புழுவைப் பிடிக்கும். வேருக்குள் இருந்தவை பெரும்பாலும் அன்றே கைக்கு வரும். சர்க்கரைக் கரைசலில் மிதக்கவிட்டு மையவிலக்கியில் சுற்றும் முறை இன்னொன்று. அதில் செத்தவையும் அசையாதவையும்கூட மிதந்து வரும். மண் மாதிரிக்கு அது நல்லது. அமில ஃபுக்சின் சாயத்தில் வேரைக் கொதிக்கவிட்டால், நிறமற்ற வேருக்குள் சிவந்த நூல்களாகப் புழுக்களைப் பார்க்கலாம். அடையாளம் காண அது அவ்வளவாக உதவாது. ஆனால் ‘இவ்வளவு சின்னது என் மரத்தைச் சாய்க்குமா’ என்று நம்பாத விவசாயியை அந்த ஒரு காட்சி நம்பவைக்கும்.

இனி கண்ணாடிச் சில்லுக்கு வருவோம். பிராட்டிலென்கஸை ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டால் மறக்காது. குட்டையான, திடமான உடல். தலை தட்டை, கறுத்த தொப்பியை அழுத்திப் போட்டது போல. வாயிலிருக்கும் ஊசி சிறியது, ஆனால் தடித்தது, அடியில் உருண்ட குமிழ்களோடு இருக்கும். பெண்ணின் இனப்பெருக்கத் துளை உடலின் பின்பகுதியில், மொத்த நீளத்தில் 70 முதல் 85 விழுக்காடு தள்ளி இருக்கும். சினைப்பை ஒன்றே, முன்னோக்கியது. ராடோஃபோலஸில் அந்தத் துளை ஏறக்குறைய நடுவிலேயே இருக்கும், சினைப்பை இரண்டு. ஆண் ராடோஃபோலஸின் தலை குமிழ் போல உயர்ந்து, ஊசி நலிந்து காணப்படும். ஆண் பிராட்டிலென்கஸ் தன் பெண்ணைப் போலவே இருக்கும். சுருள் நூற்புழு செத்ததும் கொசுவர்த்திச் சுருளாகிவிடும், அதற்குப் படிப்பே வேண்டாம். துடிதுடித்து ஓடுகிறவை பெரும்பாலும் மண்ணில் பாக்டீரியா தின்று வாழும் அப்பாவிகள். அவற்றுக்கு ஊசி கிடையாது. பழகாத ஆள் அவற்றையும் சேர்த்து எண்ணிவிட்டு ஊரைப் பயமுறுத்துவதுண்டு.

பேரினம் வரைக்கும் இப்படி அரை நாளில் போய்விடலாம். அதற்கு மேல் இனத்தின் பெயர் வேண்டுமென்றால் கதை வேறு. உதட்டில் இரண்டு வளையமா மூன்றா, விந்துப்பையில் விந்து இருக்கிறதா, அது உருண்டையா, வால் நுனி மழுங்கியதா கூரியதா, மாதிரியில் ஆண்கள் கிடைக்கிறார்களா என்றெல்லாம் பார்க்க வேண்டும். காஃபியேக்கு உதட்டு வளையம் இரண்டு, ஆண்கள் தாராளம். தார்னி என்ற இனத்துக்கு மூன்று, ஆண்கள் அரிது. இந்த வளையத்தை எண்ண எண்ணெய் வைத்துப் பார்க்கும் 1000 மடங்கு உருப்பெருக்கம் வேண்டும். அதைவிட, ஆண்டுக்கணக்கில் இதையே பார்த்த கண் வேண்டும். முதிர்ந்த பெண் புழுக்களும் வேண்டும். குஞ்சுகளை வைத்துக்கொண்டு இனம் சொல்ல முடியாது. அந்தக் கண்கள் குறைந்துவருகின்றன என்பதுதான் உண்மையான சிக்கல். கருவி வாங்கிவிடலாம்.

டி.என்.ஏ. எங்கே வெல்கிறது

தேர்ந்த கண்ணும் ஏமாறும் என்பதற்கு இலங்கைத் தேயிலையே சாட்சி. அங்கே மலைத் தோட்டங்களில் தேயிலை வேரைத் தின்ற புழுவை நெடுங்காலம் காஃபியே என்றே கருதினார்கள். இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் அதை ஆராய்ந்தவர் லூஸ். 1960இல் நெதர்லாந்தின் லூஃப் அதைத் தனி இனமாகப் பிரித்து, லூஸின் பெயரால் லூசி என்று பெயரிட்டார். இரண்டும் பார்வைக்கு அவ்வளவு நெருக்கம். வாழைக் குடும்பத்திலும் அதே கதை: மேற்கு ஆப்பிரிக்காவில் காஃபியே என்று எண்ணப்பட்ட ஒன்றை 2012இல் ஸ்பெய்ஜெரி என்று தனியே பிரித்தார்கள். அந்த முறை பிரித்துக்காட்டியதில் டி.என்.ஏ. வரிசைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆப்பிரிக்காவில் வாழை நூற்புழுக்களோடு வேலை செய்த பால் ஸ்பெய்ஜரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள்.

ஒரே ஒரு புழுவை நசுக்கி, அதன் ரைபோசோம் மரபணுவின் ஒரு பகுதியை பி.சி.ஆர். மூலம் பெருக்கி, வரிசையைப் படித்தால் இனத்தின் பெயர் கிடைக்கும். குஞ்சும் போதும், ஆணும் போதும், தலை நசுங்கிப்போனதும் போதும். நுண்ணோக்கியின் பெரிய தடை இங்கே இல்லை. குறிப்பிட்ட இனத்துக்கென்றே வடிவமைத்த தொடக்கிகளை (அந்த இனத்தின் டி.என்.ஏ.வில் ஒட்டிப் பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டுகளை) வைத்து வரிசை படிக்காமலேயே ‘இருக்கிறது, இல்லை’ என்று சொல்லலாம், அளவறியும் பி.சி.ஆரில் எவ்வளவு என்றும் கணக்கிடலாம்.

இந்தச் சோதனை தினசரிச் சேவையாக வெற்றி பெற்ற இடம் ஆஸ்திரேலியக் கோதுமை. அடிலெய்டிலிருக்கும் அரசு ஆராய்ச்சி நிறுவனம் பிரெடிக்டா பி என்ற பெயரில், விதைக்கும் முன்பே மண்ணிலிருந்து நேராக டி.என்.ஏ. எடுத்து, தார்னி எவ்வளவு, நெக்லெக்டஸ் என்ற இன்னொரு பிராட்டிலென்கஸ் இனம் எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்கிறது. அங்கே அதற்குப் பணம் கொடுக்கும் காரணம் தெளிவானது. சோளம் தார்னியைப் பெருக்காது, நெக்லெக்டஸைப் பெருக்கும். தார்னியைத் தாங்கும் கோதுமை ரகம் நெக்லெக்டஸைத் தாங்க வேண்டும் என்பதில்லை. அதாவது இனத்தின் பெயர் மாறினால் விதைக்கும் பயிரே மாறும். பேரினம் மட்டும் தெரிந்த உழவர் அங்கே தவறான பயிரை விதைத்துவிடுவார்.

நம் ஊருக்கு அதை அப்படியே தூக்கிவர முடியாது. முதலில், அந்தச் சேவைக்குப் பின்னால் அந்தந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் நடந்த வயல் ஒப்பீடுகள் இருக்கின்றன: இத்தனை டி.என்.ஏ. என்றால் இத்தனை புழு, இத்தனை புழு என்றால் இவ்வளவு விளைச்சல் இழப்பு. அந்தப் பாலம் இல்லாத இடத்தில் வரும் எண் வெறும் எண்தான். இரண்டாவது, தொடக்கி எந்த இனத்துக்குச் செய்யப்பட்டதோ அதை மட்டுமே தேடும். காஃபியே சோதனையில் ‘இல்லை’ என்று வந்தால் ராடோஃபோலஸும் இல்லை என்று பொருளல்ல. நுண்ணோக்கியில் உட்கார்ந்திருப்பவர் தேடாததையும் பார்த்துவிடுவார். அதுதான் அதன் அழகு. மூன்றாவது, அண்மையில் செத்த புழுவின் டி.என்.ஏ.வும் சில காலம் மண்ணில் இருக்கும் என்பதால், மருந்து போட்டவுடன் பலன் பார்க்க இது ஏற்ற வழியல்ல. வாழை வேரின் பீனால் பொருள்களும் மண்ணின் மக்குப் பொருள்களும் பி.சி.ஆரைத் தடுத்து, இருப்பதையும் இல்லை என்று காட்டிவிடக்கூடும். ஒவ்வொரு முறையும், முடிவு முன்பே தெரிந்த கட்டுப்பாட்டு மாதிரி வைத்தீர்களா என்று ஆய்வகத்தைக் கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு ஆய்வகம் பாருங்கள்.

கேட்பதற்கு எளிய, ஆனால் பலர் கேட்காத கேள்வி இன்னொன்றும் உண்டு: எவ்வளவு மண்ணிலிருந்து டி.என்.ஏ. எடுக்கிறீர்கள்? ஆஸ்திரேலியச் சேவை அரைக் கிலோ வரை எடுக்கும். கால் கிராம் மண்ணில் நடக்கும் சோதனைக்கு ஒரு தோட்டமே சாட்சி சொல்வதாக நினைப்பது பேராசை.

அப்படியானால் யாருக்கு எது

நிற்கும் வாழை நலிகிறது, மறுதாம்பு விடலாமா வேண்டாமா என்பதுதான் கேள்வி என்றால், கத்தியும் மிக்ஸி முறையில் பார்த்த வேர் மாதிரியும் போதும். ஏனெனில் பிராட்டிலென்கஸ் வந்தாலும் ராடோஃபோலஸ் வந்தாலும் அந்தத் தோட்டத்தில் செய்யப்போவது பெரும்பாலும் ஒன்றே. அந்தக் கட்டையை விட மாட்டீர்கள், அங்கிருந்து கன்று எடுக்க மாட்டீர்கள், நிலத்தை மாற்றுப் பயிருக்கு விடுவீர்கள். சுருள் நூற்புழு மட்டும்தான் என்றால் சற்று நிதானிக்கலாம். வேர்முடிச்சு நூற்புழு என்றால் உயிரியல் மருந்தின் தேர்வு மாறும். முட்டைக் குவியலை வேரின் வெளிப்புறத்தில் வைக்கும் புழுவுக்கு முட்டை தின்னும் பூஞ்சை எளிதில் எட்டும். முட்டையை வேருக்குள் ஒவ்வொன்றாகச் சிதறிவைக்கும் புழுவிடம் அதே பூஞ்சைக்கு அவ்வளவு வாய்ப்பில்லை. பேரினம் தெரிந்தால் இவ்வளவும் முடிவாகிவிடும். இதற்குக் காஃபியேயா ஸ்பெய்ஜெரியா என்று தெரிந்துகொள்ளப் பணம் கொடுப்பது, காய்ச்சலுக்குச் சாதகம் பார்ப்பது போலத்தான்.

புதிதாக வாழை போடப்போகும் நிலம் என்றால் வேர் இல்லை, மண்தான். இங்கே சர்க்கரை மையவிலக்கு முறை புனலைவிட நம்பகமானது. அதோடு, செலவில்லாத ஒரு பழைய வழியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். அந்த மண்ணைப் பத்துத் தொட்டிகளில் நிரப்பி, திசு வளர்ப்புக் கன்றுகளை நட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்து அவற்றின் வேரைப் பிளந்து பார்ப்பது. மெதுவானதுதான். ஆனால் இந்த மண்ணின் புழு என் வாழையைத் தின்னுமா என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் சோதனை இது ஒன்றே. முன்பு கனகாம்பரம் இருந்த நிலத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். அங்கே பேரினத்தின் பெயர் வீணாகப் பயமுறுத்தும்.

பழைய தோட்டத்திலிருந்து பக்கக்கன்று வாங்குகிறவர், எந்தச் சோதனையையும்விட, கிழங்கின் தோலைச் சீவிப் பார்ப்பது நல்லது. சீவிய பின் வெள்ளையாக வராத கன்று வேண்டாம். வந்ததையும் 55 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் வைத்து எடுத்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒழியும். தொட்டுப் பார்த்தால் சுடுகிறது என்ற கணக்கு உதவாது, வெப்பமானி வேண்டும்.

டி.என்.ஏ.வுக்குப் பணம் கொடுக்க வேண்டியவர்கள் வேறு சிலர். ஆயிரக்கணக்கில் கன்று விற்கும் நாற்றங்கால்கள் முதலில். திசு வளர்ப்புக் கன்று ஆய்வகத்தை விட்டு வரும்போது சுத்தமாகத்தான் வருகிறது. கன்றை வெளிச்சூழலுக்குப் பழக்கிக் கடினப்படுத்தும் கொட்டகையில் சுத்திகரிக்காத மண்ணை நிரப்பும்போது புழு ஏறிக்கொள்கிறது. அங்கே ஒரு தொட்டியில் தவறினாலும் பல ஊர்களுக்குப் போய்விடும். அடுத்து, எதிர்ப்பு ரகம் தேடும் ஆராய்ச்சியாளர்கள். ராடோஃபோலஸைத் தாங்கும் ரகம் பிராட்டிலென்கஸையும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மூன்றாவதாக நான் சொல்ல விரும்புவது கீழ்ப்பழனி மலைக்காரர்களை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பிக்கு இடையே விருப்பாச்சி, சிறுமலை வாழை நிற்கும். ஒரே நிலத்தில் காஃபியே விரும்பும் இரண்டு பயிர்கள். அராபிகா செடி ஆடிக்கொண்டு, கையால் இழுத்தால் வந்துவிடும் அளவுக்கு வேர் இழந்திருந்தால், ரொபஸ்டா வேரில் ஒட்டுக்கட்டிய அராபிகாவுக்கு மாற வேண்டியிருக்கும். அது காப்பித் தோட்டத்தில் பல ஆண்டுகளுக்கான முடிவு. அதற்கு முன் வாழை வேரில் இருப்பதும் காப்பி வேரில் இருப்பதும் ஒன்றுதானா என்று தெரிந்துகொள்வது பணத்துக்குத் தகும். இரண்டு வேரிலிருந்தும் புழுக்களைத் தனித்தனியாக எடுத்து, நுண்ணோக்கியில் பேரினத்தை உறுதி செய்து, சிலவற்றை மட்டும் வரிசை படிக்க அனுப்பலாம். தாண்டிக்குடியிலேயே காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருப்பதால் முதல் பேச்சை அங்கே தொடங்குவது எளிது. அப்போதும் ஒரு எச்சரிக்கை: ஒரே இனப் பெயர் கொண்ட புழுக்கள் எல்லா ஊரிலும் எல்லாப் பயிரிலும் ஒரே மாதிரி பெருகுவதில்லை. பெயர் ஒத்தாலும் தொட்டிச் சோதனையை விட்டுவிட வேண்டாம்.

தொட்டியத்துப் பெரியவரின் வேர் மாதிரியில் பிராட்டிலென்கஸ் நிறைய, சுருள் நூற்புழு கொஞ்சம். ராடோஃபோலஸ் இல்லை. மகன் மறுபடியும் தொலைபேசியில் வந்து, இனம் என்ன என்று சீட்டில் போடவில்லையே என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. “அப்பா அடுத்து என்ன போடப் போகிறார்?” என்று நான் கேட்டேன். நெல் என்றார். பிறகு? யோசித்துவிட்டு, கனகாம்பரம் போட்டாலும் போடுவார் என்றார். அப்படியானால் நெல் அறுத்தபின் அந்த மண்ணில் பத்துத் தொட்டி நிரப்பி, ஐந்தில் வாழையும் ஐந்தில் கனகாம்பரமும் நடச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் அனுப்பும் ஒவ்வொரு மாதிரிப் பையின் சீட்டிலும், பயிர், ரகம், வயது, முந்தைய பயிர் ஆகியவற்றுக்குக் கீழே ஒரு வரி கூடுதலாக எழுதுகிறேன்: அடுத்து நடப்போவது. பையைப் பிரிக்கிறவர் எதுவரைக்கும் பார்க்க வேண்டும் என்பதை அந்த வரியே அவருக்குச் சொல்லிவிடுகிறது.